பார்டர மூடியும் கோவிட் எப்படி உள்ள வந்துச்சு? குவாரன்டீன்னால உண்மையிலயே பிரயோஜனம் இருந்துச்சா?

ஈசூன்_வாணி:

எல்லாருக்கும் வணக்கம். போன ஸ்கூல் லீவுல புள்ளைங்கள கூட்டிக்கிட்டு மரினா சவுத் பியர்ல ஃபெர்ரி புடிச்சு செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போயிருந்தோம், போனது என்னமோ அங்க சுத்துற பூனைங்களப் பாக்கத்தான், ஆனா ஒரு காலத்துல அது கப்பல்ல வர்றவங்கள அடைச்சு வெக்கிற இடம், உலகத்துலயே பெரிய குவாரன்டீன் ஸ்டேஷன்கள்ல ஒண்ணுன்னு தெரிஞ்சதும் பெரியவன் புடிச்சுக்கிட்டான், இப்ப செகண்டரி மூணு, ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கும் அதையே எடுத்துட்டான்.

அவன் கேக்குறது இதுதான். 2020-ல நம்ம சிங்கப்பூர்ல ஃப்ளைட்ட நிறுத்துனோம், மலேசியாவுக்குப் போற காஸ்வே பாலம் காலியா கிடந்துச்சு, வந்தவங்களயும் 14 நாள் ஹோட்டல்ல வெச்சோம், அப்படியும் எப்படி வந்துச்சு? 2003-ல சார்ஸ்ங்கற மூச்சுத் தொற்று வந்தப்ப மட்டும் எப்படி மூணு மாசத்துல நின்னுச்சு? என் வீட்டுக்காரரு "எல்லாம் கண்துடைப்பு, வர்றது வந்துதான் தீரும்"ங்கறாரு. மாமனாரு "இல்லன்னா நாம எல்லாம் காலி"ங்கறாரு. சாப்பாட்டு நேரத்துல தெனம் இதே பஞ்சாயத்து. விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்களேன்.

---

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:

வாணி, உங்க பையன் ரெண்டாவதா கேட்டது தான் சரியான கேள்வி, அத புரிஞ்சிக்கிட்டா முதல் கேள்விக்கு பதில் தானா வந்துரும்.

சார்ஸ் எப்படி நாடு விட்டு நாடு போச்சுன்னு பாருங்க. 2003 பிப்ரவரி, சீனாவுல குவாங்டோங்ல சார்ஸ் நோயாளிங்கள பாத்த ஒரு டாக்டர் ஹாங்காங் வந்து ஒரு ஹோட்டல்ல 9-வது மாடியில தங்குறாரு. அதே ஹோட்டல்ல தங்குன கெஸ்ட்டுங்க அவங்கவங்க ஊருக்கு ஃப்ளைட் ஏறுறாங்க, ஒருத்தங்க சிங்கப்பூர், ஒருத்தரு ஹனோய், ஒருத்தங்க டொரான்டோ. அவ்ளோதான், ஒரே ஹோட்டல்ல இருந்து மூணு நாட்டுல பெரிய அவுட்பிரேக். ஆனா சார்ஸ்ல ஒரு விஷயம், அது வந்தவங்க காய்ச்சல்ல படுத்த பிறகு தான் மத்தவங்களுக்கு நல்லா பரப்புவாங்க, அதுவும் ரெண்டாவது வாரம் தான் உச்சம். அதுக்குள்ள ஆளு ஆஸ்பத்திரியில இருப்பாரு. அதனால தான் இங்க 238 கேஸ்ல 97 பேர் எங்கள மாதிரி ஹெல்த்கேர் ஆளுங்க. 33 பேர் இறந்தாங்க. கொடுமை தான், ஆனா எங்க பரவுதுன்னு கண்ணுக்குத் தெரியுது பாருங்க. டான் டோக் செங் ஆஸ்பத்திரிய சார்ஸுக்குன்னே ஒதுக்குனாங்க, கூட இருந்தவங்கள 10 நாள் வீட்டுல வெச்சு கேமரா மாட்டி பாத்தாங்க, மே 31-க்கு சிங்கப்பூர உலக சுகாதார நிறுவனத்தோட சார்ஸ் பாதிச்ச இடங்க லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு.

கோவிட் அப்படியா? காய்ச்சலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரப்ப ஆரம்பிச்சிரும். சில பேருக்கு காய்ச்சலே வராது. ஏர்போர்ட்ல தெர்மல் ஸ்கேனர் வெச்சு என்ன புடிக்க முடியும்? இங்க முதல் கேஸ் உறுதியானது 2020 ஜனவரி 23, அதே மாசம் இங்க ஒரு ஹோட்டல்ல நடந்த கம்பெனி மீட்டிங்க்கு வந்துட்டுப் போனவங்க மூலமா மலேசியா, தென்கொரியா, பிரிட்டன்னு எங்கெங்கயோ போயிருச்சு. அப்ப நாம யாரோட பார்டர மூடணும்னு யோசிச்சுக்கிட்டு இருந்தோம், அந்த நாடுங்களுக்கு நம்மகிட்ட இருந்தே போயிருக்கு.

இப்ப கணக்கு. கேஸ் மூணு நாளைக்கு ஒரு தடவ டபுள் ஆகுதுன்னு வெச்சுக்குங்க. வர்ற ஆளுங்கள்ல 90 சதவீதத்த நிறுத்திட்டீங்க, பெரிய சாதனைன்னு தோணும். ஆனா பத்துல ஒண்ணா குறைஞ்சது திரும்ப பத்து மடங்காக மூணேகால் தடவ டபுள் ஆனா போதும், அதாவது சுமாரா பத்து நாள். 99 சதவீதம் நிறுத்துனா இருபது நாள். அவ்ளோ சிரமப்பட்டு பார்டர மூடி கிடைக்கிறது அந்த நாளுங்க தான். அந்த நாள்ல உள்ள என்ன செஞ்சோம்ங்கறது தான் முக்கியம். பெட் ரெடி பண்ணமா, டெஸ்ட் கிட் வாங்குனமா, கான்டாக்ட் ட்ரேசிங்க்கு ஆள் போட்டமா. உங்க வீட்டுக்காரரு சொல்றது பாதி சரி, வர்றது வரும். எப்ப வருது, எத்தன பேரா சேந்து வருதுங்கறத மாத்தலாம், அத அவரு கணக்குல எடுக்கல.

---

பழைய_தஞ்சோங்பகார்:

அம்மா வாணி, செயின்ட் ஜான்ஸ்னு சொன்னதும் எழுதாம இருக்க முடியல. எங்கப்பா போர் முடிஞ்ச பிறகு நாகப்பட்டினத்துல கப்பலேறி பினாங்கு தொட்டு இங்க வந்தவரு, டெக் பேசஞ்சர். டெக்குல வந்தவங்கள எல்லாம் தீவுல இறக்கி, துணிமணிய வாங்கி நீராவியில போட்டு, மருந்துத் தண்ணியில குளிக்க வெச்சு, அம்மை ஊசி போட்டு, நாள் கணக்கா வெச்சிருந்து தான் ஊருக்குள்ள விட்டாங்களாம். கேபின்ல வந்த துரைமாருங்க, செட்டியாருங்க எல்லாம் நேரா இறங்கிப் போயிட்டாங்கன்னு சாகுற வரைக்கும் சொல்லுவாரு. கிருமிக்கு டிக்கெட் கிளாஸ் தெரியுமாடான்னு கேப்பாரு.

அந்த ஸ்டேஷன் வந்த கதை, 1873-ல இங்க காலரா, நூத்துக்கணக்குல சாவு. அதுக்கப்புறம் தான் தீவுல கட்டலாம்னு முடிவு பண்ணி 1874 நவம்பர்ல திறந்தாங்க. திறந்த கையோட சீனாவுல இருந்து 1300 பேருக்கு மேல ஏத்திக்கிட்டு ஒரு கப்பல் காலராவோட வந்து நின்னுச்சு. கட்டடம் மட்டும் ஒரு மாசம் தாமதமாயிருந்தா என்ன ஆயிருக்கும்னு பாத்துக்குங்க. பின்னாடி மெக்கா போயிட்டு வர்ற ஹஜ் பயணிங்களையும் அங்க தான் வெச்சாங்க. 1951-ல, பின்னாடி சிங்கப்பூர் ஜனாதிபதியான தேவன் நாயர கூட அரசியல் கைதியா அந்தத் தீவுல தான் வெச்சிருந்தாங்க, அது வேற விஷயம், அடைச்சு வெக்கன்னு ஒரு தீவு கையில இருந்தா அது எதுக்கெல்லாமோ பயன்படும்.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசே இல்ல. சிலோன் தோட்டத்துக்குப் போனவங்கள மண்டபம் கேம்ப்ல வெச்சாங்க, மலாயாவுக்குன்னா ஆவடியிலயும் நாகப்பட்டினத்துலயும் டிப்போ. கப்பலேறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ, இறங்கின பிறகு ஒரு தடவ.

ஒண்ணு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். நாமளும் நோய ஏத்துமதி பண்ணியிருக்கோம். 1957-ல ஏசியன் ஃப்ளூ சீனாவுல ஆரம்பிச்சு ஹாங்காங் வந்து மே மாசம் சிங்கப்பூர புடிச்சுது. அதே மே மாசம் இங்க இருந்து மெட்ராஸ் போன பயணிகள் கப்பல்ல ஃப்ளூவோட ஆளுங்க போய் இறங்குனாங்க, இந்தியாவுல அது பரவ ஆரம்பிச்சது அப்படித்தான், அடுத்த வருஷ ஆரம்பத்துக்குள்ள 44 லட்சம் கேஸுக்கு மேல அங்க பதிவாச்சு. கடல்ல அத்தன நாள் ஒரே டெக்குல நெருக்கமா படுத்திருந்தா வேற என்ன ஆகும்.

---

துவாஸ்_முருகு:

ஐயா சொன்ன டெக் பேசஞ்சர் கதைய படிச்சுட்டு எனக்கு என்னமோ பண்ணிருச்சு, ஏன்னா 2020 ஏப்ரல்ல நான் டார்ம்ல, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளருங்க தங்குற விடுதியில இருந்தேன், எந்த டார்ம்னு வேணாம், ஒரு ரூம்ல இருபது பேருக்கு கிட்ட, டபுள் டெக்கர் கட்டில், ஒரு மாடிக்கே பொதுவா பாத்ரூம், பொதுவா சமையல் இடம். திடீர்னு கேட்ட மூடிட்டாங்க. யாரும் ரூம விட்டு வெளிய வரக்கூடாது, ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கன்னு தமிழ்லயும் பெங்காலியிலயும் மைக்ல சொல்றாங்க, தம்பி மேல் கட்டில்ல படுத்திருக்கான் நான் கீழ் கட்டில், எங்க தள்ளி நிக்கிறது?

நர்ஸக்கா, நீங்க சொல்ற கணக்கு ஃப்ளைட்ல வர்றவனுக்கு சரி, உள்ள அடைச்சு வெச்சவனுக்கு அந்தக் கணக்கு எப்படி? ஏப்ரல் 5-ஆம் தேதி புங்கோல் எஸ்11-யும் தோ குவான் வெஸ்ட்லைட்டையும் தனிமைப்படுத்துன இடம்னு அறிவிச்சாங்க, அப்புறம் வரிசையா மத்த டார்ம். அந்த வருஷக் கடைசியில அரசாங்கமே சொன்ன கணக்கு, டார்ம்ல இருந்த 3,23,000 பேர்ல 1,52,000 பேருக்கு வந்துட்டுப் போயிருச்சு, ஏறக்குறைய பாதி. அதுல நானும் ஒருத்தன், எனக்கு ஒரு இருமல் கூட இல்ல, ரத்தம் எடுத்துப் பாத்துதான் உனக்கு வந்து போயிருக்குன்னாங்க. சாவு ரொம்ப ரொம்ப கம்மி, அத ஒத்துக்கணும், எல்லாம் வயசுப் பசங்க, டாக்டருங்களும் உள்ளயே டென்ட் போட்டு பாத்தாங்க, சம்பளமும் எனக்கு வந்துச்சு. சாப்பாடு தான், ஆரம்பத்துல வந்த சாப்பாட்ட பத்தி பேச வேணாம், கருவாடு இல்லாம ரசம் இல்லாம அரைவேக்காட்டு சோறு, அப்புறம் சரி பண்ணாங்க. போன்ல டேட்டா போட்டு விட்டாங்க, அது தான் உயிர காப்பாத்துச்சு, ராத்திரி பூரா வீட்டுக்காரி கூட வீடியோ கால், அவ அங்க புதுக்கோட்டையில ஊரடங்குல உக்காந்திருக்கா நான் இங்க உக்காந்திருக்கேன்.

கஷ்டம் எதுன்னா முடிஞ்ச பிறகு தான். ஜூன் கடைசியில வெளிய எல்லாரும் ஹாக்கர் சென்டர்ல உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்க, நாங்க அதுக்கப்புறமும் ரொம்ப காலம் சைட்டு, லாரி, டார்ம், சைட்டு, லாரி, டார்ம். லிட்டில் இந்தியா தேக்காவுக்கு ஒரு ஞாயித்துக்கெழம போறதுக்கு பாஸ் கேக்கணும். டெஸ்ட் எடுத்தாச்சு, நோய் இல்ல, ஊசியும் போட்டாச்சு, அப்புறமும் எதுக்கு உள்ளயே வெச்சீங்க? இதுக்கு நர்ஸக்காவால பதில் சொல்ல முடியாதுன்னு தெரியும், அவங்கள கேக்கல. வாணி அக்கா, உங்க பையன் ப்ராஜெக்ட்ல இதையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க.

---

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:

முருகு தம்பி, நீங்க கேட்டதுல சுகாதாரம் சம்பந்தப்பட்டத மட்டும் சொல்றேன். அடைச்சு வெக்கிறதும் தனித்தனியா வெக்கிறதும் ஒண்ணு இல்ல. இருபது பேர ஒரே ரூம்ல பூட்டுனா வெளிய இருக்கறவங்களுக்கு பாதுகாப்பு, உள்ள இருக்கற பத்தொம்பது பேருக்கு அது பாதுகாப்பே இல்ல. டயமண்ட் பிரின்சஸ் கப்பல் ஞாபகம் இருக்கா, 2020 பிப்ரவரியில யோகோஹாமாவுல நிறுத்தி வெச்சாங்க, 3711 பேர் இருந்தாங்க, 712 பேருக்கு வந்துச்சு. அங்கயாவது பேசஞ்சருக்கு தனி கேபின், சமைச்சு பரிமாறுன சிப்பந்திங்களுக்கு பகிர்ந்த ரூம். ஒரே கிச்சன் வேற. உங்க இடத்துல அதுவும் இல்ல. பின்னாடி நோய் இல்லாதவங்கள மிலிட்டரி கேம்ப், எக்ஸ்போ ஹால், காலியா இருந்த வீவக (அரசாங்க அடுக்குமாடி) பிளாக்குன்னு மாத்த ஆரம்பிச்சதுக்கு காரணமே அது தான், அது மொதல்லயே நடந்திருக்கணும்ங்கறது என் சொந்த அபிப்பிராயம். புதுசா கட்டுற டார்ம்ல ரூமுக்கு 12 பேருக்கு மேல கூடாதுன்னு 2021-ல விதி வந்துச்சு. பாஸ் விஷயத்துல நீங்க கேட்டதுல ஞாயம் இருக்கு.

---

திருச்சி_டு_சாங்கி:

எல்லாரும் ரொம்ப நல்லவங்களா பேசுறீங்க, நான் கொஞ்சம் கெட்டவனா பேசுறேன். 2021 ஏப்ரல் 23 ராத்திரியோட இந்தியாவுல இருந்து சிட்டிசன், பிஆர் தவிர வேற யாரும் வரக்கூடாதுன்னு அறிவிச்சாங்க, நான் அப்ப அப்பாவுக்கு ஆபரேஷன்னு திருச்சிக்குப் போனவன், ஒர்க் பாஸ் கையில, வாடகை இங்க ஓடுது, வேலை நிக்குமா போகுமான்னு தெரியாம மாசக்கணக்குல தொங்கிக்கிட்டு இருந்தேன். சரி, நாட்டுக்காகன்னு விடலாம். ஆனா என்ன ஆச்சு? தடை போட்டு அஞ்சு நாள்ல டான் டோக் செங் வார்டுல டெல்டாங்கற உருமாறுன கோவிட் கிளஸ்டர் வெடிக்குது. அடுத்து சாங்கி டெர்மினல் 3. அப்ப டெல்டா எங்கள நிறுத்துறதுக்கு முன்னாடியே உள்ள வந்து உக்காந்திருக்கு. வந்தத விட்டுட்டு வாசல்ல பூட்டு போட்டா யாருக்கு லாபம்?

அதோட சாங்கி கிளஸ்டர் எப்படி வந்துச்சு தெரியுமா, பயணிங்க யாரும் தப்பிச்சு ஓடல, ஹோட்டல்ல இருந்து ஜன்னல் வழியா குதிக்கல. வந்த குடும்பத்துக்கு ஏர்போர்ட்ல உதவி பண்ண ஊழியருக்கு ஒட்டி, ஊழியருங்க எல்லாம் பேஸ்மென்ட் 2 ஃபுட் கோர்ட்ல சாப்பிட, அங்க சாப்பிட வந்த பொது ஜனத்துக்குப் போச்சு. நூறு கேஸுக்கு மேல. 14 நாள 21 நாளா ஏத்துனாங்க அந்த மாசம், ஆனா ஓட்டை 14 நாளா 21 நாளாங்கறதுல இல்லையே, முதல் ஒரு மணி நேரத்துல தான இருந்துச்சு.

---

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:

திருச்சி, நீங்க கடைசியா சொன்னது நூத்துக்கு நூறு. குவாரன்டீன் ஒழுகுறது பயணியால இல்ல, பயணிக்கு லக்கேஜ் தள்றவரு, டாக்சி ஓட்டுறவரு, ரூம் வாசல்ல சாப்பாடு வெக்கிறவரு, இவங்க மூலமா தான். மெல்பர்ன்லயும் 2020-ல ஹோட்டல் குவாரன்டீன்ல வேலை செஞ்சவங்க கிட்ட இருந்து தான் ரெண்டாவது அலை கிளம்புச்சு. சாங்கியில அதுக்கப்புறம் வர்ற நாடுங்கள ரிஸ்க் படி பிரிச்சு, ஊழியருங்களையும் தனித்தனி ஸோன்ல போட்டு, ஒரு ஸோன் ஆளு இன்னொரு ஸோன்ல சாப்பிடாத மாதிரி மாத்துனாங்க. நாள் கணக்க ஏத்துறத விட அதுக்கு தான் பலன் அதிகம்னு நான் நெனைக்கிறேன்.

ஆனா தடை சுத்த வேஸ்ட்ங்கறத ஒத்துக்க மாட்டேன். ஏப்ரல்ல ஒரு ஃப்ளைட்டுக்கு எத்தன பாசிட்டிவ் வந்துச்சுன்னு வார்டுல இருந்து பாத்தவ நான். பத்து பொறி விழுறதும் ஆயிரம் பொறி விழுறதும் கூரைக்கு ஒண்ணு இல்ல. அந்த ஏப்ரல்ல இங்க பெரும்பாலானவங்க ரெண்டு ஊசி போடல. ஆகஸ்ட் 29-க்கு 80 சதவீதம் பேர் போட்டு முடிச்சாச்சு. நீங்க திருச்சியில தொங்கிக்கிட்டு இருந்த அந்த மாசங்கள்ல தான் இங்க பெரும்பாலானவங்களுக்கு ஊசி போட்டு முடிச்சோம். உங்களுக்கு நடந்தது அநியாயம், ஒர்க் பாஸ் வெச்சிருந்தவங்கள குவாரன்டீனோட கொஞ்சம் கொஞ்சமா வர விட்டிருக்கலாம். ஆனா கிடைச்ச நேரம் வீணாப் போகல.

முழுசா நிறுத்துன உதாரணமும் உண்டு வாணி, பையனுக்கு இது புடிக்கும். 1918 ஃப்ளூ. பசிபிக்ல பக்கத்து பக்கத்துல ரெண்டு சமோவா. மேற்கு சமோவா நியூசிலாந்து கையில, நவம்பர் 7-ஆம் தேதி ஆக்லாந்துல இருந்து தலூன்னு ஒரு கப்பல் நோயாளிங்களோட வந்துச்சு, இறங்க விட்டுட்டாங்க, ஜனத்தொகையில அஞ்சுல ஒரு பங்கு செத்துப் போச்சு. அமெரிக்கன் சமோவாவுல கவர்னர் போயர் கப்பல்கள கரைக்கு விடல, ஒரு சாவு கூட இல்ல. ஆனா அது சின்னத் தீவு. சாங்கியில 2019-ல மட்டும் 6 கோடியே 83 லட்சம் பயணிங்க வந்து போயிருக்காங்க, காஸ்வேயில தெனம் 3 லட்சம் பேர். 2020 மார்ச் 18-ல மலேசியா மூடுனதும் ஜொகூர்ல இருந்து வேலைக்கு வர்றவங்க கிராஞ்சி எம்ஆர்டி பக்கத்துல படுத்துக் கிடந்தாங்களே. சோறு, காய்கறி, கோழி, நர்ஸு, பஸ் டிரைவர் எல்லாம் அந்தப் பாலம் வழியா தான் வருது. நாம போயர் மாதிரி பண்ண முடியாது.

---

திருச்சி_டு_சாங்கி:

ஊசி போட்டாங்க, சரி. ஆனா அதுக்கு எங்கள மாதிரி ஆளுங்க குடுத்த விலை எந்தக் கணக்குலயும் இல்ல. விடுங்க.

ஆனா இன்னொரு விஷயம் சொல்லணும். 2021 நவம்பர்ல தென்னாப்பிரிக்கா ஓமிக்ரான்ங்கற புது கோவிட் வகைய கண்டுபுடிச்சு நேர்மையா உலகத்துக்கு சொன்னுச்சு. பரிசு என்ன? ரெண்டு மூணு நாள்ல ஊரெல்லாம் அவங்க ஃப்ளைட்ட நிறுத்துனாங்க, நம்மளும். அப்புறம் பாத்தா நெதர்லாந்துல அதுக்கு முன்னாடி எடுத்த சாம்பிள்லயே ஓமிக்ரான் இருந்திருக்கு. இப்படி பண்ணா அடுத்த தடவ எந்த நாடு வாயத் தொறக்கும்?

---

பழைய_தஞ்சோங்பகார்:

தம்பி கேட்டது நூத்தம்பது வருஷத்துக்கும் மேல பழைய கேள்வி. 1851-ல பாரிஸ்ல நாடுங்க எல்லாம் மொத தடவையா உக்காந்து குவாரன்டீன் பத்தி பேசுனப்பவே இதே சண்டை, கப்பல நிறுத்துனா வியாபாரம் படுக்கும், நிறுத்தலன்னா காலரா வரும். வியாபாரம் பண்றவன் நோய மறைப்பான். சார்ஸுக்கு அப்புறம் உலக சுகாதார நிறுவனம் விதிகள திருத்தி 2007 ஜூன்ல நடைமுறைக்கு கொண்டு வந்துச்சு, நாடு எதையும் மறைக்காம சொல்லணும், மத்தவங்க தேவையில்லாம போக்குவரத்த நிறுத்தக்கூடாதுன்னு. எழுத்துல இருக்கு. மீறுனா தண்டனைன்னு ஒண்ணும் கிடையாது.

---

ஈசூன்_வாணி:

அடேங்கப்பா, இவ்ளோ பதில் வரும்னு நெனைக்கல, எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். முருகு தம்பி, உங்க பதில அப்படியே அவன்கிட்ட படிச்சுக் காட்டினேன், டார்ம் பத்தி தனி பக்கம் எழுதுறேன்னு சொல்லிட்டான், டீச்சர் என்ன சொல்வாங்களோ தெரியல. ஐயா சொன்ன 1957 கப்பல் கதையும் போகுது.

அவனுக்கு இன்னும் ஒரே ஒரு சந்தேகம். 10, 14, 21ன்னு நாள் எப்படி முடிவு பண்றாங்க? அப்புறம் வருஷா வருஷம் ஃப்ளூ வருதே, அதுக்கு ஏன் யாரையும் குவாரன்டீன் பண்றதில்ல?

---

நைட்ஷிஃப்ட்_நர்ஸ்:

கிருமி உடம்புக்குள்ள போனதுல இருந்து அறிகுறி தெரியற வரைக்கும் அதிகபட்சம் எத்தன நாள் ஆகும்னு பாத்து தான். சார்ஸுக்கு 2-ல இருந்து 10 நாள், அதனால 10. கோவிட் ஆரம்பத்துல பெரும்பாலும் அஞ்சாறு நாள்ல தெரியும், ஆனா சில பேருக்கு பதினொண்ணு பன்னெண்டு நாள் கூட போகும், அதனால 14. எபோலாவுக்கு 21. பழைய காலத்துல இந்தக் கணக்கு தெரியாது, 1377-ல ரகூசான்னு ஒரு துறைமுகம், இப்ப குரோஷியாவுல டுப்ரோவ்னிக், பிளேக் ஊருல இருந்து வர்றவங்கள 30 நாள் வெளியில நிறுத்துனாங்க, அது அனுபவத்துல வந்த கணக்கு.

ஃப்ளூ 1-ல இருந்து 4 நாள்ல வெளிய வந்துரும், பரவுறதும் ரொம்ப வேகம். யாருக்கு இருக்குன்னு கண்டுபுடிச்சு ஆர்டர் எழுதி குடுக்கறதுக்குள்ள அவங்க வீட்டுல எல்லாருக்கும் வந்து முடிஞ்சிருக்கும். அதனால தடுப்பூசி, மாஸ்க், காய்ச்சல்னா வேலைக்கு வராதீங்கங்கறது, அவ்ளோதான்.

ஆனா குவாரன்டீன் பழைய கதைன்னு பையன் நெனச்சிடக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் இருக்கற ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுங்கள்ல இருந்து வர்றவங்க தடுப்பூசி சர்டிஃபிகேட் இல்லாம சாங்கியில இறங்குனா இன்னைக்கும் 6 நாள் வரைக்கும் புடிச்சு வெக்க சட்டத்துல இடம் இருக்கு. அத பரப்புற ஏடிஸ் கொசு இங்க இருக்கு, அது ஒருத்தர கடிச்சா போதும். ஊசி போட்டு பத்து நாள் கழிச்சு தான் சர்டிஃபிகேட் செல்லும், அதனால கென்யா சஃபாரி, பிரேசில்னு யாராவது டிக்கெட் போட்டிருந்தா முன்னாடியே டிராவல் கிளினிக்ல போட்டுருங்க, 2016-ல விதி மாறுனதுல இருந்து ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும்.